ஐந்து ஆம்பியர் கங்காதரன்

இந்த வீட்டுக்குள் கிரைண்டர் நுழைவதானால் தம்முடைய லோடு கணக்கைத் தாண்டித்தான் நுழைய வேண்டும் என்று கங்காதரன் தீர்மானித்துவிட்டார். மாவாட்டி மாவாட்டி மனைவி அமிர்தவள்ளிக்குத் தோள்பட்டை வலி என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தீபாவளி போனஸில் ஒரு பொருள்தான் வாங்க முடியும். அது டெலிவிஷன்தான் என்று அவர் மனம் ஏற்கெனவே ஆன்டெனா நட்டுவிட்டது.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கிளார்க். மின்சாரம் பற்றி ஒரே ஒரு புத்தகம் படித்திருந்தார். மூன்று தடவை படித்ததால் மூன்று புத்தகம் என்றே எண்ணிக்கொண்டார்.

"இன்னாங்க, மூணு நாளா இன்னா எழுதறீங்க?"

"லோடு லிஸ்ட். நம்ம பியூஸ் அஞ்சு ஆம்பியர். டியூப் லைட் நாப்பது வாட், ஃபேன் அறுபது, ரேடியோ பத்து..."

"கிரைண்டரு?"

"ஓடும்போது நானூறு. கிளம்பும்போது ரெண்டாயிரம் கேக்கும்! பியூஸ் படார்னு போய்டும்."

"டி.வி.?"

"அறுபது. பாவம், அது சாப்பிடறதே தெரியாது" என்றார், ஒல்லிக் குழந்தைக்குப் பரிந்து பேசும் குரலில்.

"இதெல்லாம் புக்குல இருக்குதா, நீங்களா சொல்றீங்களா?"

"பக்கம் நாப்பத்தேழு!"

"சரி, கொண்டாந்து வெச்சே பாத்துடலாம். சுத்துச்சின்னா கிரைண்டரு. பியூஸ் போச்சின்னா உங்க டி.வி. நான் வாயே தொறக்க மாட்டேன்."

கங்காதரனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. தோல் ஊறப்போட்டுச் சுற்றும் தொழிற்சாலை டிரம்முகள் இழுத்தது போக மிச்சம்தான் அந்தத் தெருவுக்குக் கரண்டு. ஓடுகிற ஃபேனின் இறக்கைகளை நிதானமாக எண்ணலாம். இந்த லட்சணத்தில் கிரைண்டர் முனகும், நகராது. முனகிக்கொண்டே நின்றால் பியூஸ் எத்தனை நேரம் தாங்கும்?

"பரீட்சை எப்போ?"

"உங்க லீவு நாள்லதான். பக்கத்துல நீங்க இருக்க வேணாமா? வெள்ளிக்கிழமை காலைல."

தம் வசதியை இவ்வளவு யோசிக்கிறாளே என்று அவருக்கு நெஞ்சு இளகியது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடைக்கார அப்துல் வஹீத் கிரைண்டரோடு வந்து இறங்கினார். நியாயம் தவறக் கூடாது என்று கங்காதரன் வீட்டிலிருந்த எல்லா சுவிட்சையும் போட்டார். மெழுகுவத்தியும் பியூஸ் கம்பியும் கையில் தயார். அமிர்தவள்ளி ஊறின அரிசியைக் கொட்டினாள். வஹீத் சுவிட்சைத் தட்டினார்.

கிரைண்டர் ஒரு தடவை உடம்பை உதறியது. பிறகு ரயிலுக்கு நேரமானதுபோல் சுற்றியது. பியூஸ் அசையவில்லை. தலைக்கு மேல் ஃபேன் போட்ட போட்டில் லோடு லிஸ்ட் பறந்து மாவில் விழுந்தது.

"வஹீத், இன்னாப்பா இது... ஓல்ட்டேஜ் இவ்ளோ ஜாஸ்தி?"

"இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? வெள்ளிக்கிழமை தொழுகை நாளு, நம்ம ஊர்ல எந்தத் தோல் கம்பெனி ஓடுது? டிரம்மு பூரா சும்மா நிக்குது. கரண்டு எல்லாம் வீட்டுக்குத்தான். அதுக்குத்தானே அம்மா இன்னிக்கே கொண்டான்னாங்க."

பன்னிரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை லீவு அனுபவித்தவர் கங்காதரன். பக்கம் நாற்பத்தேழில் வெள்ளிக்கிழமை இல்லை. அவர் என்ன செய்வார்?

"அமிர்தம், இது அழுகுணி ஆட்டம்! மத்த நாள்ல இது ஓடாது!"

"ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கு வெள்ளி மட்டும் ஆட்டிக்கலாம். மூணு நாளைக்கு இட்லி, தோசை. மிச்ச நாளைக்கு உப்புமா."

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. இந்தச் சத்தத்துல நான் எப்படிப் படுக்கறது?"

"நீங்க ஏன் படுக்கணும்?" என்று அமிர்தவள்ளி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஓரத்துல மாவு ஒட்டிக்கினு இருக்குது பாருங்க, தள்ளி விடுங்க. அடுத்தது உளுந்து."