மாமா பங்குச் சீனி

வில்லாபுரம், மதுரை
17.9.1983

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் விருமாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை அன்னக்கொடியின் கணவன் முத்திருளன் வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் மகள் சோலையம்மாளும் சுகம். பம்பாயில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மீனாட்சியம்மன் துணை இருக்கட்டும். சுகம் என்று எழுதிவிட்டேன். அது வழக்கத்துக்காக எழுதியது. தங்கள் தங்கை என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. சோறு வருகிறது, குழம்பு வருகிறது, பேச்சு மட்டும் வருவதில்லை. நேற்று ரசத்தில் உப்புக் குறைவு என்று சொன்னேன். உப்பு ஜாடியை அப்படியே தூக்கிவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். முப்பத்தொரு வருஷம் நீதி போதனை வகுப்பு எடுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதை இது.

காரணம் சீனி. லீவு கிடைக்காமல் தாங்கள் வர முடியாமல் போன மாமாவின் முதல் தெவசத்தன்று நடந்தது. படத்துக்கு மாலை போட்டு, இலை விரித்து, அவருக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு, அப்பளம், சேமியா பாயசம் எல்லாம் படைத்தாயிற்று. சூடம் ஏற்றப் போனவன் பாயசத்தைப் பார்த்தேன். என் புத்தி சும்மா இருக்கக்கூடாதா? இம்மாதம் சீனி எப்படி இவ்வளவு தாராளமாக வந்தது என்று யோசித்தது. யோசித்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் ரேஷன் கார்டில் மாமா பெயர் இன்னும் இருக்கிறது. மனுஷர் போய் ஒரு வருஷம் ஆகியும், தலைக்கு இவ்வளவு என்று நிறுத்துத் தரும் சீனியில் அவர் பங்கும் மாதம் தவறாமல் வீட்டுக்கு வருகிறது. அந்தச் சீனியில் காய்ச்சிய பாயசத்தை அவர் படத்துக்கு முன்னாலேயே வைத்திருக்கிறோம்! "அன்னம், இது யார் பங்குச் சீனி?" என்று கேட்டேன். "எங்க அப்பா பங்குதான். அவரு சீனிய அவருக்கே வைக்கிறேன். இதுல உங்களுக்கு என்னா நட்டம்?" என்றாள். மதுரை வக்கீல்கள் அத்தனை பேரும் சேர்ந்து வந்தாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பாயசம் இறங்கவில்லை, மச்சான். இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன்.

மாமா எப்பேர்ப்பட்டவர் என்று அவர் மகனுக்கு நான் எழுதவேண்டியதில்லை. இருந்தாலும் தாங்கள் ஊரில் இல்லாதபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிம்மக்கல் டவுன் பஸ்ஸில் யாரோ விட்டுப்போன குடை ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தினமும் அதே பஸ் ஸ்டாப்பில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இது உங்களுதா என்று கேட்டார். ஐப்பசி மழை கொட்டிய அன்றும் அதை விரிக்காமல் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தார். கேட்டால், "அடுத்தவன் குடையில நான் எப்படிய்யா வாரது?" என்கிறார். அப்படிப்பட்டவர் பெயரைச் சொல்லி நாம் பொய்யாகச் சீனி வாங்கலாமா? அந்தப் பெயரை அடித்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முடிவு செய்தது தப்பில்லை. அதை ரேஷன் கடையில் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு. கடையில் நிறுத்துப் போடுகிற கண்ணுச்சாமி என்னை மேலும் கீழும் பார்த்து, "பேரு சேக்கணும்னு தெனம் நாலு பேரு வாராக. அடிக்கணும்னு தானா வந்த ஆளு நீங்கதான் சார்" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் தெருவே வாசலில் நிற்கிறது. அடுத்த வீட்டுச் செல்லத்தாய்தான் தலைமை. "வாத்தியாரே, உங்க ஒரு பேர அடிச்சா ஆபீசரு அதோட விடுவாரா? வீடு வீடா ஏறி வந்து தலைய எண்ணுவாரு. எங்க மாமியா உசுரோட இருக்கையில எனக்கு ஒரு நல்லது பண்ணல. செத்து அஞ்சு வருசமா மாசாமாசம் சீனி குடுக்குது. அதையும் கெடுத்துப்புடாதீக" என்றாள். எதிர்வீட்டு மலைச்சாமி மகளைக் கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்து அவளுக்கே மூன்று பிள்ளைகள். அவளும் இன்னும் இவர் கார்டில்தான் இருக்கிறாள். மொத்தத்தில் எங்கள் தெருவில் குடியிருப்பவர்களைவிடக் கார்டில் இருப்பவர்கள் அதிகம். நான் நேர்மை, சமுதாயம், நாளைய தலைமுறை என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். அன்னம் எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். அதில் யார் பங்குச் சீனி என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் போனதும் கார்டைத் தேடினேன். காணோம். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "இம்புட்டுச் சீனிக்கா இந்தப் பொய்?" என்று நான் சத்தம் போட்டதும் தங்கள் தங்கை அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சீனிக்கு அலையுறேன்னா நெனச்சீக? கண்ணுச்சாமி அண்ணே நிறுக்கிறதுக்கு முன்னாடி கார்டுல இருக்கிற பேரையெல்லாம் சத்தமாப் படிப்பாரு. முத்திருளன், அன்னக்கொடி, சோலையம்மாள், காளைன்னு. அப்பா போனதுக்கப்புறம் அவரு பேர யாரு சொல்றா? வோட்டு லிஸ்டுல அடிச்சாச்சு. ஊரு நெலமும் பம்பாய் அண்ணே பேருக்கு மாறிப்போச்சு. நீங்களும் மாமான்னுதான் சொல்லுவீக. மாசத்துக்கு ஒருக்கா ஒருத்தரு வாயால அந்தப் பேரக் கேக்கத்தான் நான் வரிசையில நிக்கிறேன்."

மச்சான், ஒரு வருஷமாக என்னைக் கடைக்கு அனுப்பாமல் அவளே கால்கடுக்க நிற்பது என் முழங்கால் வலிக்காக என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். வாத்தியார் புத்தி விடுமா? "அன்னம், பாசம் வேறு, சட்டம் வேறு" என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

ஆகையால் இந்த வழக்கைத் தங்களிடம் அனுப்புகிறேன். தாங்கள் அவருக்கு மகன், அவளுக்கு அண்ணன். அடித்துவிடு என்று தாங்கள் எழுதினால் தங்கள் சொல்லுக்கு அப்படியே கட்டுப்படுகிறேன். வேண்டாம் என்று எழுதினால் மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கும். எனக்குச் சரி என்று பட்டதிலிருந்து நான் இம்மியும் நகரப்போவதில்லை என்பதைத் தங்கை மனம் நோகாதபடி தாங்களே அவளுக்குத் தனியாக எழுதவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் நன்றாகப் படித்து, பொய் சொல்லாமல் பிழைக்க என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
முத்திருளன்

பி.கு.: இக்கடிதம் பதினைந்து நாளாக மேசைமேலேயே கிடந்தது. கவரை ஒட்டாமல் வைத்தது என் தப்பு. தங்கள் தங்கை படித்துவிட்டாள். மறுநாள் காலையில் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கார்டையும் மாமாவின் மரணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "பம்பாய்க்கு எழுதிப்போட்டுத் தீர்ப்பு வாங்கி அடிக்கிற பேரா அது? நான் மக. நானே அடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் கார்டில் ஒரு கோடும் ஒரு முத்திரையும் இருந்தன. எனக்குத்தான் ஜெயம். இன்று சீனி போட்டார்கள். அவள் போக மறுத்துவிட்டதால் நான் போனேன். கண்ணுச்சாமி கார்டைப் பிரித்து, முத்திருளன், அன்னக்கொடி, சோலையம்மாள் என்று படித்துவிட்டுத் தராசை எடுத்தார். "அண்ணே, ஒரு பேர விட்டுட்டீகளே" என்றேன். எனக்குப் பின்னால் தெருவே வரிசையில் நிற்கிறது, மச்சான். "அதான் அடிச்சாச்சே சார்" என்றார். "சீனி வேண்டாம். பேர மட்டும் படிங்க" என்றேன். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். செல்லத்தாய்கூடச் சிரிக்கவில்லை. "காளை" என்று அவர் சத்தமாகப் படித்தார். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தங்கள் தங்கை என் கையிலிருந்து கார்டைப் பிடுங்கிக்கொண்டு, "அடுத்த மாசம் நானே போறேன். உங்களுக்கு முழங்கால் வலிக்கும்" என்றாள். தீர்ப்பு அனுப்ப வேண்டாம்.