படிவத்தின் ஓரத்தில் ஐந்து கோடுகள்

பழனிக்குமார் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். மல்லிகை வாடுமுன் வேன் புறப்பட்டாக வேண்டும் என்பதால், எப்போதும் கைப்பேசியும் கையுமாகவே இருப்பார். மகளுக்கு நறுமுகை என்று பெயர் சூட்டியவரும் அவரே. அம்மொட்டு இரண்டு வயது நிறைந்தும் வாய் திறக்கவில்லை.

அன்று காலை அங்கன்வாடி டீச்சர் இஞ்ஞாசியம்மாள் படிவத்தோடு வந்து அமர்ந்தார். அதில் ஒரு கேள்வியைப் பழனிக்குமார் இருமுறை படித்தார்: ‘குழந்தை இரு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா?’ இல்லையெனில் மேல்பரிசோதனைக்குத் திண்டுக்கல்லுக்கு எழுதிவிடுவார்களாம்.

“பாப்பா பேசுதா தம்பி?”

கைப்பேசி அலறிற்று.

“செத்த இருங்க டீச்சர்” என்று அவரைக் காத்திருக்கச் சொல்லி, எழுந்துபோய்ப் பேசிவிட்டு வந்தார். டீச்சர் படிவத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். பழனிக்குமார் அதை எட்டிப் பார்த்தார். குழந்தை வணக்கம் சொல்லாததற்காக இருக்குமோ?

நறுமுகை பந்தோடு வந்து அவர் வேட்டியை இழுத்தாள்.

“செத்த இரும்மா. அப்பா பேசுற பொம்மைக்குப் பேட்டரி போட்டுட்டு வாரேன்.”

இரண்டாவது கோடு விழுந்தது. பதறிப்போய்ப் பொம்மையை முடுக்கினார். அது ‘குட் மார்னிங்’ என்று கீச்சிட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது.

“ஏங்க, மொதல்ல அவளத் தூக்குங்க!” என்றாள் மனைவி பானுப்ரியா.

“செத்த இரு பானு! பட அட்டை வாங்கியாந்திருக்கேன்ல? பாப்பா, இது என்ன? யானை! சொல்லு, யானை!”

நறுமுகை அழுகையை நிறுத்தி அட்டையை வாங்கினாள். யானையின் தும்பிக்கையைக் கடித்து மெல்லத் தொடங்கினாள்.

“நல்லா மெல்லுறா. அதுக்கு மார்க் உண்டா டீச்சர்?” என்றாள் பானுப்ரியா.

டீச்சர் சிரிக்கவில்லை. மூன்றாவது கோடு.

மீண்டும் கைப்பேசி. சந்தையில் ஏலம் கூறும் நாச்சிமுத்துதான் அழைத்தான். “அண்ணே, வேன கெளப்பவா?”

“செத்த இருடா” என்ற பழனிக்குமாருக்கு ஒரு யோசனை உதித்தது. நாச்சிமுத்துவின் குரலுக்குச் சந்தையே திரும்பிப் பார்க்கும். ஒலிபெருக்கியை முடுக்கிக் குழந்தையின் முகத்தருகே நீட்டினார். “எம்மகளப் பேச வையிடா!”

“ஏ தங்கோம்! மாமான்னு சொல்லு! ஒருதரம்! ரெண்டுதரம்!”

மூன்றாம்தரத்திற்குள் நறுமுகை கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாள். நான்காவது கோடு.

“புள்ளைய ஏலமாய்யா விடுறீங்க?” என்று பானுப்ரியா தலையிலடித்துக்கொண்டாள்.

டீச்சர் எழுந்தார். “அடுத்த தெருவுல ரெண்டு வீடு இருக்கு தம்பி. நான் கெளம்புறேன்.”

“செத்த இருங்க டீச்சர்! ஒரே நிமிசம்!”

டீச்சர் நின்றபடியே, நான்கு கோடுகளையும் வெட்டிச் செல்லுமாறு ஐந்தாவதை இழுத்தார். முடிந்தது, திண்டுக்கல்தான் என்று பழனிக்குமார் தளர்ந்துபோனார். வேறு வழி தோன்றாமல், தரையில் முழந்தாளிட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்தார்.

“வாம்மா முகை... அப்பாகிட்ட வா.”

நறுமுகை கழன்றுகிடந்த செருப்பொன்றைக் காதில் ஒட்டவைத்திருந்தாள். தந்தையைக் கண்டதும் முகத்தைச் சுளித்து, உள்ளங்கையை நிமிர்த்தி அவரைத் தடுத்தாள்.

“செத்த இலு!”



“பேசிட்டா!” என்று பானுப்ரியா கண்ணைத் துடைத்தாள்.

“ரெண்டு வார்த்தை! சேத்துச் சொல்லிட்டா டீச்சர்!” பழனிக்குமார் எழுந்த வேகத்தில் கட்டிற்சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டார். “அந்த அஞ்சு கோட்டையும் அடிச்சு விட்ருங்க!”

டீச்சர் படிவத்தில் ‘ஆம்’ என்பதைக் குறித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அந்தக் கோடு பாப்பாவுக்குப் போட்டதில்ல தம்பி. நான் வந்ததுலருந்து நீங்க அதே ரெண்டு வார்த்தையச் சொன்னதுக்குப் போட்டது.”

கைப்பேசி மீண்டும் அலறிற்று. பழனிக்குமார் அதை அணைத்து மனைவியிடம் கொடுத்தார். கட்டிலோரம் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு தரையில் அமர்ந்தார்.

“வேன நாச்சிமுத்து அனுப்பிக்குவான், பானு. நான் இன்னைக்குச் சந்தைக்குப் போகல.”