நூலகர் பயிற்சிக்குச் சென்றுள்ளார்

இன்று உங்களுக்கு ஒரு பிராணியை அறிமுகம் செய்து வைக்கிறேன். பெயர் பள்ளி நூலகர். அதிலும் பயிற்சிக்குப் போகிற வகை. நீங்கள் இதை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. இருக்க வேண்டிய இடத்தில் இது இருப்பதே கிடையாது. பூட்டிய கதவு, கதவில் ஒட்டிய ஒரு காகிதம், அதில் 'நூலகர் பயிற்சிக்குச் சென்றுள்ளார்' என்று அச்சடித்த எழுத்து, அந்தக் காகிதமும் வெயிலில் பழுத்து ஓரம் சுருண்டிருக்கும். இவ்வளவையும் பார்த்துவிட்டீர்களா? அப்படியானால் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது. அதாவது, பக்கத்து ஊர்ப் பயிற்சிக் கூடத்தில்.

தப்பாக நினைக்காதீர்கள். வேறு வகை நூலகர்களும் உண்டு. காலையில் வந்து கதவைத் திறந்து, கேட்கிற பிள்ளைக்குக் கேட்கிற புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாயந்தரம் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். பாவம், பிழைக்கத் தெரியாதவர்கள். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

நம்முடைய ஆள் வேறு ரகம். நான் கணக்கு டீச்சர். என் வகுப்பறைக்கும் அவருடைய நூலகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதனால் இந்தப் பிராணியின் பழக்கவழக்கங்களை ஆற அமரப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் 'வந்துட்டுப் போறவர்'. நானும் அப்படியே சொல்கிறேன், பொருத்தமாக இருக்கிறது.

வந்துட்டுப் போறவர் எதற்கெல்லாம் போவார் என்கிறீர்கள்? பிள்ளைகளை நூலகத்துக்கு வரவழைப்பது எப்படி என்ற பயிலரங்குக்குப் போவார், வந்த பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசுவது எப்படி என்ற பயிலரங்குக்குப் போவார், பிள்ளைகளே வராவிட்டால் மனம் தளராமல் இருப்பது எப்படி என்ற சிறப்பு முகாமுக்கும் போவார். 'மூடிய கதவுகளைத் திறப்போம்' என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. அதற்காகவும் கதவை மூடிவிட்டுத்தான் போனார். அங்கே கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையைக் கழற்றாமல் வீடுவரை வருவார். கொடுத்த பையைத் தூக்கிக்கொண்டு மறுநாள் பள்ளிக்கு வருவார். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மேல் ஒருவர் பந்தை எறிந்து அறிமுகம் செய்துகொண்டதை ஆசிரியர் அறையில் நடித்தே காட்டுவார். கடைசியில் கருத்துப் படிவம் கொடுப்பார்களாமே, அதில் என்ன எழுதினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றார். யாருக்கு என்று கேட்டேன். அந்தக் கேள்வி படிவத்தில் இல்லையாம்.

பேச்சும் மாறிவிட்டது. முன்பு 'பிள்ளைங்க' என்றுதான் சொல்வார். இப்போது 'பயனாளிகள்'. புத்தகத்துக்கு 'வளம்' என்று பெயர். யாராவது தப்பித் தவறி ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டால் அதற்குத் 'தாக்கம்' என்று பெயர். தலைமையாசிரியை இதையெல்லாம் கேட்டு அப்படியே உருகிப்போவார். அவருடைய அறைச் சுவர் முழுக்க வந்துட்டுப் போறவரின் சான்றிதழ்கள்தான். "அவராலதான் டீச்சர் நம்ம ஸ்கூல் பேரு வெளிய தெரியுது" என்பார். உள்ளே என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி இந்தப் பிராணிக்குத் தீனி என்றால், நிதி அதற்கு உயிர். உலகத்தில் எந்த மூலையில் எந்த அமைப்பு நூலகங்களுக்கு நிதி கொடுத்தாலும் மோப்பம் பிடித்துவிடும். நிதி வேண்டுமென்றால் படம் வேண்டும். படத்துக்காக ஒருநாள், ஆமாம், அந்த அதிசயமும் நடந்தது, நூலகம் திறந்தது. என் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒன்றிரண்டு புத்தகத்தைக் கையில் திணித்து, "படிக்கிற மாதிரி இருங்க, படிக்காதீங்க, தலை குனிஞ்சா முகம் தெரியாது" என்று படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் புத்தகங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு போன் வந்தது. பயிற்சி வண்டி வாசலில் நிற்கிறதாம். போட்டது போட்டபடி பூட்டிக்கொண்டு ஓடினார். அந்த அவசரத்தில் கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளையின் கையில் ஒரு பெரிய நாவலின் முதல் இரண்டு பாகங்கள் தங்கிவிட்டன.

அதுவரை அந்தப் பிள்ளை பாடப் புத்தகத்தையே ஏதோ தண்டனை மாதிரி பிடித்துக்கொண்டிருப்பாள். அடுத்த வாரம் என்னிடம் வந்து நின்றாள். இரண்டு பாகத்தையும் முடித்துவிட்டாள்.

"டீச்சர், மூணாம் பாகம் உள்ள இருக்கு. ஜன்னல் வழியாப் பாத்தேன். அந்த மூலை அலமாரியில, மேல் தட்டு."

"அதுக்குள்ள என்ன அவசரம்?"

"ரெண்டாவது முடியிறப்ப கப்பல் மூழ்கிட்டு இருக்கு டீச்சர். அதுல அந்த அம்மா இருக்காங்க. பொண்ணு கரையில நின்னு பாத்துட்டு இருக்கா. அம்மா பொழைச்சாங்களா இல்லையான்னு தெரியணும். தூக்கமே வரமாட்டேங்குது."

கணக்கு சொல்லிக் கொடுக்கிற எனக்கு இப்படி ஒரு பிள்ளை தூக்கம் வராமல் ஒருநாளும் வந்து நின்றதில்லை. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. கடைகளில் விசாரித்தேன். பழைய பதிப்பு, இப்போது அச்சில் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இருப்பது அந்த ஒரு பிரதிதான்.

அந்த மூலை அலமாரிக்கு நேர் மேலேதான் கூரை ஒழுகும்.

இதைப் பார்க்க வந்துட்டுப் போறவருடைய மனைவியின் தம்பி ஒருநாள் வந்தான். வீடு கட்டிக் கொடுக்கிற தொழில். அக்கா நச்சரித்து அனுப்பியிருக்கிறாள். மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"பெரிய வேலையே இல்ல மாமா. தண்ணி போற குழாய் அடைச்சிருக்கு, ஓரத்துல விரிசல். நாளைக்கு ஆள் அனுப்புறேன், சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிடும். காசெல்லாம் வேணாம்."

"அவசரப்படாதப்பா. நிதிக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன்."

"அதான் காசே வேணாங்கிறேனே."

"உனக்குப் புரியாது. விண்ணப்பத்துல 'தற்போதைய நிலை'ன்னு ஒரு பகுதி இருக்கு. ஒழுகுதுன்னு எழுதி படமும் வெச்சிருக்கேன். அவங்க பாக்க வர்றப்ப ஒழுகணும். சரி பண்ணிட்டா எதைக் காட்டுறது?"

அவன் மாமாவை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "டீச்சர், இவரு நல்லாத்தான இருக்காரு?"

நான் குறுக்கே புகுந்தேன். "சரி சார், கூரையை விடுங்க. அலமாரியை மட்டும் இந்தப் பக்கம் தள்ளி வைக்கலாமே? ஆள் வேணும்னா என் பிள்ளைங்க இருக்காங்க."

"அலமாரி படத்துல எங்க இருக்கோ அங்கதான் இருக்கணும் டீச்சர். நிலைமையை மாத்தினா விண்ணப்பம் செல்லாது. போன மாசம் பயிற்சியில இதைத் தெளிவாச் சொன்னாங்க."

"அப்ப அந்த மூணாம் பாகத்தையாவது எடுத்துக் கொடுங்க. ஒரு பிள்ளை உயிரை விடுது."

"ஒரு புத்தகம் குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். எல்லாம் முடியட்டும், ஒரு நல்ல வாசிப்பு மூலையே அமைச்சுத் தரேன். அந்தப் பொண்ணுதான் முதல் பயனாளி."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினான். ஒழுகுகிற கூரையை ஒரு மனிதன் கறவை மாட்டைப் போலப் பாதுகாத்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நிதி வந்ததா? வந்தது ஐயா, வந்தது. படங்களைப் பார்த்தே நிதிக் குழுவினர் கலங்கிப் போனார்களாம், நேரில் வரவே இல்லை. இப்படி ஒழுகுகிற அறையில் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஒரு நூலகர் திண்டாடுகிறார் என்றால் அவருக்கு என்ன குறை? பயிற்சிக் குறை. எனவே நிதி முழுவதையும் அவருடைய திறன் மேம்பாட்டுக்கே ஒதுக்கினார்கள். தங்குமிடத்தோடு கூடிய முகாம். தலைப்பு: ஈரத்திலிருந்து நூல்களைக் காப்பது. கூரைக்கு அதில் இடமில்லை. வந்துட்டுப் போறவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

போன மறுநாள் மழை பிடித்தது. சும்மா மழையா? விடாமல் அடித்தது. என் வகுப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் சொட்டுச் சொட்டாகக் கேட்டது, பிறகு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கேட்டது. அந்தப் பிள்ளை கரும்பலகையைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலைமையாசிரியையிடம் ஓடினேன். பூட்டை உடைத்தால் விசாரணை வருமாம், நூலகர் வரட்டுமாம். அவருக்குப் போன் செய்தேன். கிசுகிசுத்த குரலில் பேசினார்.

"டீச்சர், வகுப்புல இருக்கேன். அருமையாப் போயிட்டு இருக்கு."

"சார், உள்ள தண்ணி கொட்டுது. மூலை அலமாரி மேலேயே கொட்டுது. பூட்டை உடைக்கச் சொல்லுங்க, ஒரு வார்த்தை போதும்."

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. மனிதன் பதறிவிட்டான் என்று நினைத்தேன்.

"டீச்சர், ஜன்னல் வழியா ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? தண்ணி விழுறது நல்லாத் தெரியுற மாதிரி. அவசர நிதின்னு ஒண்ணு இருக்காம், இங்க இப்பத்தான் சொன்னாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார். குழுச் செயல்பாடு ஆரம்பித்துவிட்டதாம்.

முகாம் முடிந்து அவர் வந்து கதவைத் திறந்தபோது ஊறிய காகித வாடை மூக்கில் அடித்தது. அந்தப் பிள்ளை எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டாள். மேல் தட்டில் இருந்து மூன்றாம் பாகத்தை இறக்கினாள். இரு மடங்கு ஊதியிருந்தது. பிரித்துப் பார்த்தாள், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாகக் கையோடு வந்தன. நடுவில் ஏதாவது எழுத்து தெரிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

வந்துட்டுப் போறவர் போனை எடுத்தார்.

"அப்படியே நில்லும்மா. புத்தகத்தை நெஞ்சோட சேத்துப் பிடி. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. சிரிக்காத."

"நான் சிரிக்கல சார்."

"இல்லல்ல, நல்லா இருக்கு, அப்படியே இரு."

படம் எடுத்து முடிந்ததும் அவள் கேட்டாள். "சார், கடைசியில அந்த அம்மா பொழைச்சாங்களா?"

"எந்த அம்மா?"

அவள் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் அந்தக் கதையைப் பற்றி அவள் பேசவே இல்லை. நானாக ஒருமுறை ஆரம்பித்தேன். "விடுங்க டீச்சர்" என்றாள். இப்போது பாடப் புத்தகத்தை மறுபடியும் பழைய மாதிரியே பிடித்துக்கொள்கிறாள். அவள் சொன்ன அந்த 'விடுங்க டீச்சர்' என்ற இரண்டு வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தாங்கவில்லை.

அந்தப் படம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அடுத்த பயிற்சியில் பெரிய திரையில் காட்டினாராம். அறை முழுக்க நூலகர்கள், எல்லோரும் தத்தம் நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், எழுந்து நின்று கைதட்டினார்களாம். பிள்ளையின் முகத்தில் என்ன ஒரு உணர்ச்சி என்று ஒருவர் பாராட்டினாராம். எந்தப் போனில் எடுத்தீர்கள் என்று இன்னொருவர் கேட்டாராம். அவள் கையில் இருந்தது என்ன புத்தகம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. வந்துட்டுப் போறவர் இப்போது பயிற்சி எடுக்கிறவர் இல்லை, பயிற்சி கொடுக்கிறவர். அவர் ஒருவர் பேசினால் பல பள்ளிகளின் நூலகங்கள் ஒரே நாளில் மூடுகின்றன. இனம் பெருகுவது இப்படித்தான்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். இதை யாருக்கு அனுப்பலாம் என்றுகூட மனதுக்குள் ஆள் பார்த்திருப்பீர்கள். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியின் நூலகருக்கா? பக்கத்து மேசைக்காரருக்கா? அடுத்த கூட்டத்தில் எடுத்துவிட ஓரிரு வரியைக் குறித்தும் வைத்திருப்பீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டுகிறது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டிலோ வேலையிடத்திலோ, உங்களிடம் ஏதோ ஒன்று கேட்பதற்காக யாரோ வந்து நின்றார்கள். "ஒரு நிமிஷம்" என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா? போய் என்னவென்று கேளுங்கள்.

இன்னும் நிற்கிறார்களா, இல்லை "விடுங்க" என்று போய்விட்டார்களா?