தணிகைநாதனை உயிரோடு எழுப்பும்படி

சேசு மரி சூசை துணை

சுங்காய், 13.8.1978

மகா கனம் பொருந்திய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஸ்டானிஸ்லாஸ் மனைவி ரோசரி கும்பிட்டு எழுதிக்கொண்டது. நலம் என்று எழுத வேண்டும், நலமில்லை. தாங்களாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்கவும்.

ஐயா, உங்கள் ஞாயிறு தொடர்கதையில் வந்த தணிகைநாதனைக் கொன்றுவிட்டீர்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், துரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றாதவர், ஒரு விதவையைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கிளப்ப லோரி வந்தபோது, "என் மேல ஏத்திட்டுப் போ" என்று மண் ரோட்டில் படுத்தவர். ஏறிவிட்டதாம். சித்திரையிலேயே ஏறிவிட்டதாம். "அவன் சாவு நூறு பேரை எழுப்பும்" என்று எழுதி, கீழே முற்றும் போட்டிருக்கிறீர்கள்.

எப்படி ஐயா? போன மாதம் நெஞ்சு வலியில் சாகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் வாசித்தாரே. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், அதனால் நான் மீன் கழுவுவேன், அவர் வாசிப்பார். அவர் வாசித்ததில் லோரி பள்ளத்தில் இறங்கிவிட்டது, தணிகைநாதன் புழுதியைத் தட்டிக்கொண்டு பாரிட் புந்தார் போய் நெல் வயலில் ஒளிந்தார், பாகான் டத்தோவில் தேங்காய்க் கடைக்காரர் மகளைக் கட்டினார், கல்யாணத்தில் ஆட்டுக்கறிக்கு உப்பு கூடிப்போனது. "உப்பு கூடினதெல்லாமா எழுதுவாங்க?" என்றேன். "பெரிய எழுத்தாளர்லா, ஒன்னும் விடமாட்டாரு" என்றார். இன்றைக்கு அவர் மெத்தைக்கடியில் வைத்திருந்த தாள்களை எடுத்து விரல் வைத்து வாசித்தால், அந்த வாரமெல்லாம் அந்த இடத்தில் தலைவலித் தைல விளம்பரம்தான் இருக்கிறது. மனிதர் தைலத்தைப் பார்த்துக் கல்யாணம் வாசித்திருக்கிறார். தணிகைநாதனுக்கு ஒரு அடி விழுந்தாலே நான் உலை வைக்க மாட்டேன், அவருக்கு அந்தப் பயமாக இருந்திருக்கும்.

இப்போது எனக்கு இரண்டு சாவு. போதாததற்குத் தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து, "ரோசரிக்கா, அண்ணன் போய்ட்டாரு, வீடு வேலைக்காரங்களுக்குத்தான். நாளைக்கு லோரி வரும்" என்கிறார். முழங்கால் போனதிலிருந்து தோட்டத்துக் கணக்கில் எனக்குப் பேர் இல்லை. எங்கள் லயத்திலும் நூறு பேர் இருக்கிறார்கள் ஐயா, ஒருத்தரும் எழவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லாயியிடம் தணிகைநாதன் மேல் லோரி ஏறின கதையைச் சொல்லி அழுதேன். "அடப்பாவி, செத்துட்டானா? இத்தன நாளு சொல்லவேயில்லையேக்கா!" என்று என்னையே திட்டிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள். இதற்காகவா அவரைச் சாகடித்தீர்கள்? ஆகையால் அடுத்த ஞாயிறு அவரை எழுப்பிவிடவும். ஆஸ்பத்திரியில் பிழைத்தார் என்று இரண்டு வரி போதும். நாளைய லோரிக்கு அது உதவாதுதான். நான் எங்கே கிடந்தாலும் அவராவது இருக்கிறார் என்றிருக்கும்.

தங்களுக்கும், அச்சுக் கோர்க்கிற பிள்ளைகளுக்கும், அந்தக் கதை எழுதினவருக்கும்கூட மாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ரோசரி

பின்குறிப்பு: தபால் தலை ஒட்டுவதற்குள் லோரி வந்து, என் கட்டிலையும் ஏற்றிவிட்டார்கள். நேற்றுத் தீனி போடப் போனவள் லயம் முழுக்கக் கதையைச் சொல்லியிருக்கிறாள். செல்லாயி வந்தாள், வெற்றிலைப் பையைத் தலைக்கு வைத்து ரோட்டுக்குக் குறுக்கே படுத்தாள். "ஏத்துலா! தணிகைநாதன் மேல ஏத்தினீங்கல்ல, என் மேலயும் ஏத்து!" லோரிக்காரர் ஜைனுலாப்தீனுக்கு அழாத குறை. "அல்லா மேல சத்தியமா நான் யாரு மேலயும் ஏத்தலக்கா!" அவள் பக்கத்தில் வீரம்மா படுத்தாள், அப்புறம் சன்னாசி, அப்புறம் பால் வெட்டப் போக வேண்டிய லயமே படுத்தது. கிராணி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கட்டில் உள்ளே வந்துவிட்டது.

ஆகவே மேலே கேட்டதை ரத்து செய்யவும். தணிகைநாதன் செத்தே இருக்கட்டும். என் வீட்டுக்காரர் வாசித்ததை மட்டும் ஒரு மூலையில் போட முடியுமா? தைல விளம்பரத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்தக் கதையில் அவரும் தணிகைநாதனும் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.