கிஸ்பெர்ட் கடித்ததற்கு நான் பொறுப்பல்ல

செல்லே,
செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய அக்கா ஹில்ட்ரூட் அவர்களுக்கு,

தம்பி ஃபோல்க்மார் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தானும் அவருடைய தேனீக்களும் சுகமாக இருக்கட்டும். நீ அனுப்பிய பிளம் ஜாம் வந்து சேர்ந்தது. மூன்று புட்டிகளில் ஒன்று உடைந்திருந்தது. அதற்கு அட்டைப்பெட்டி செய்தவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

இனி விஷயம். நீ மூன்று வருடங்களுக்கு முன் எனக்குக் கொடுத்த நாய் கிஸ்பெர்ட்டை உன்னிடமே திருப்பித் தருவதென்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு காலை 10.42 ரயிலில் கூட்டி வருகிறேன். போன வாரம் போனில், "நாய் கெட்டுப்போச்சுன்னா வளர்த்தவன் சரியில்லன்னு அர்த்தம்டா. என் வீட்டுல பொறந்த நாப்பத்திரண்டு குட்டில ஒண்ணுகூட யாரையும் கடிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். இதை போன் மாதிரி நடுவில் வைத்துவிட முடியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீயே முடிவு செய். ஜூலை மாதம், ஆளுக்கொரு துண்டு நிலமாகப் பிரித்த எங்கள் தோட்டக் காலனியில், என் ரோஜாப் பாத்திக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கிஸ்பெர்ட் காலடியில் படுத்திருக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று மணி வரை யாரும் சத்தம் போடக் கூடாது என்பது தோட்டச் சங்க விதி; கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். அடுத்த தோட்டத்து லூடெக்கேவுக்கு மட்டும் தெரியாது. ஒன்று பத்துக்குப் புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், தொண்டையைச் செருமிக்கொண்டேன், அவ்வளவுதான். கிஸ்பெர்ட் வேலிச் செடிக்கு அடியில் நுழைந்து போய் அவருடைய கால்சட்டையைக் கவ்விக்கொண்டது. "ரீக்மன்! உங்க நாய் என் பேண்ட்டைத் தின்னுது!" என்று அலறினார். "மணி ஒண்ணு பத்து, லூடெக்கே" என்றேன். "நாய் கடிக்குதுங்கிறேன், நீங்க மணி சொல்றீங்களே!" "மூணு மணி வரைக்கும் சத்தம் கூடாது. இப்ப நீங்க கத்துறதும் அதுல சேர்த்திதான்" என்று விளக்கினேன். அதை அவர் நல்ல விதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலிப் புட்டிகள் போடும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் புட்டிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் வரும், ஞாயிறன்று போடக் கூடாது என்று தொட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஐந்து போட்டாயிற்று. ஆறாவது கையில் இருந்தபோது கிஸ்பெர்ட் குரைக்கத் தொடங்கி, இருபது நிமிடம் அந்த அம்மாளை அசையவிடவில்லை. புட்டியைப் போடவும் முடியாமல் எடுத்துப் போகவும் முடியாமல் நின்றார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அது குற்றமா?

பிறகு அந்தச் சிக்னல் விவகாரம். சிவப்பு எரிகிறது. ஒரு மனிதர் சாவகாசமாகச் சாலையைக் கடக்கிறார். வண்டி வரவில்லை என்பது வேறு விஷயம். கிஸ்பெர்ட் வாரை உருவிக்கொண்டு ஓடி அவருடைய ஷூ நாடாவைப் பிடித்துவிட்டது. அவர் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார். "வாங்க சார், வந்து பிடிங்க!" என்று அங்கிருந்து கத்துகிறார். எப்படி வருவது? எனக்கும் சிவப்புதானே? பச்சை வர ஒன்றரை நிமிடம் ஆயிற்று. அதற்குள் நாடா முழுவதும் போய் ஷூவின் நாக்குக்கு வந்திருந்தது. அவர் எங்கள் தோட்டச் சங்கத் தலைவி ஒல்ட்மன்ஸ் அம்மாளின் மருமகன் என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் நான் பச்சைக்குத்தான் காத்திருந்திருப்பேன்.

சங்கம் கூடியது. ஒல்ட்மன்ஸ் அம்மாள் தீர்மானம் வாசித்தார். நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் வந்து சோதிப்பார். நாயின் பிறவிக் குணமே கோளாறு என்றால் அதை இனித் தோட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது. வளர்ப்புதான் கோளாறு என்றால் நாய் இருக்கலாம். ஆனால், "தவறு என்னுடையது" என்று வளர்த்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என் பொழுது முழுவதும் அந்தத் தோட்டத்தில்தான் போகிறது என்பது உனக்குத் தெரியும். நாயை வீட்டில் தனியாகப் பூட்டி வைக்க எனக்கு மனம் வராது. ஆக, பிறவிக் குணம் என்றால் நாய் போக வேண்டியதுதான். இருந்தாலும் உண்மை உண்மைதானே? குணம் பிறவியிலேயே வந்தது என்று நான் எழுந்து சொன்னேன். அதற்கு ஆதாரமாக நீ எனக்குக் கொடுத்த குலப் பத்திரத்தையும் காட்டினேன். அதில் ஐந்து தலைமுறை டாக்கெல் நாய்கள் வருகின்றன, எல்லாமே நீண்ட உடம்பு, குட்டைக் கால், பிடிவாதம். கிஸ்பெர்ட்டின் கொள்ளுத் தாத்தா எடெல்பெர்ட் நம் சித்தி மகள் வீட்டு விருந்தில் பாதிரியாரைக் கடித்ததை நான் மறக்கவில்லை. "பாதிரியார் அது வாலை மிதிச்சாரு" என்று நீ இன்றுவரை சொல்கிறாய். பாதிரியார் அப்போது உட்கார்ந்திருந்தார் அக்கா.

சோதனை போன வியாழன் நடந்தது. பயிற்சியாளர் ஸ்வான்டியே, முப்பது வயதுப் பெண். கையில் அட்டை, பென்சில், குடை, இரண்டு சட்டி மூடிகள். கிஸ்பெர்ட்டின் முகத்துக்கு எதிரே குடையைப் படாரென்று விரித்தாள். அது கொட்டாவி விட்டது. மூடிகளை மோதினாள். மறுபக்கம் புரண்டு படுத்தது. ஒருவரை நீளக் கோட்டு மாட்டி நொண்டி நொண்டி நடக்கவைத்தாள். அவருக்கு வால் ஆட்டியது. அப்புறம் அவளுடைய உதவியாளர் காலனிப் பாதையில் சைக்கிளில் ஏறி வந்தார். அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கிஸ்பெர்ட் சட்டென்று எழுந்து நின்றது.

"சார், இப்ப என்ன பண்ணீங்க?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலையே."

"தொண்டையைச் செருமினீங்க."

"தூசி."

"இன்னொரு தடவை செருமுங்க பாப்போம்."

செருமினேன். சைக்கிளின் முன் டயர் போயிற்று.

அதோடு விட்டாளா? என்னைக் கருவிக் கொட்டகைக்குப் பின்னால் போய் அரை மணி நேரம் உட்காரச் சொன்னாள். அந்த நேரத்தில் லூடெக்கே புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார். மணி இரண்டு! ஒல்ட்மன்ஸ் அம்மாள் எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தாராம். கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டேன். குரைப்பு மட்டும் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் கிஸ்பெர்ட் லூடெக்கேவின் ஷூ மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. லூடெக்கேவின் ஷூ மேல், அக்கா. உன்னிடம் மறைப்பானேன், எனக்கு அது ரொம்பவும் வலித்தது.

ஸ்வான்டியே அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டே சொன்னாள்: "நாய்க்கு ஒரு குறையும் இல்ல சார். உங்களுக்குக் கோபம் வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிடுது. நீங்க எழுந்து போற சிரமம் வேண்டாமேன்னு அதுவே போயிடுது. அவ்வளவு பிரியம் உங்க மேல."

"பிரியமும் பிறவிக் குணம்தானே?" என்று கேட்டேன். அவள் பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே உனக்கு போன் செய்தேன், ஒரு ஆறுதலுக்காக. போனை வைக்கும் முன் நீ வேறு என்னவெல்லாம் சொன்னாய்? "நம்ம அப்பாவும் ஜன்னல்ல நின்னுக்கிட்டு, தப்பா நிறுத்தின கார் நம்பரையெல்லாம் எழுதினவர்தானேடா? அப்ப உனக்கு வந்தது பொறப்பா, வளர்ப்பா? அதைச் சொல்லு முதல்ல!" என்றாய். பின்னால் அத்தான் சிரிப்பது கேட்டது. அப்பாவை இதில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் தினமும் எழுதினார். நான் அவசியம் நேர்ந்தால் மட்டும் எழுதுகிறேன்.

படிவம் மேஜை மேல் கிடக்கிறது. முப்பத்தெட்டு வருடம் நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்தவன் நான். தவறு மற்றவர்களுடையது என்று எத்தனை ஆயிரம் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! என்னுடையது என்று போடக் கை வரவில்லை. ஒல்ட்மன்ஸ் அம்மாள் வெள்ளிக்கிழமை வரை அவகாசம் தந்திருக்கிறார். தேவையில்லை. நாய் உன்னிடம் வருகிறது.

சில குறிப்புகள். காலையில் பத்திரிகையை அதற்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். உள்ளூர்ச் செய்தி போதும். வெளிநாட்டுச் செய்தி வந்தால் எழுந்து போய்விடும். வேகவைத்த உருளைக்கிழங்கு தோல் உரித்துக் கொடுத்தால்தான் சாப்பிடும். என் மனைவி எல்கே இறந்தபின் அவள் நாற்காலியில் யாரையும் நான் உட்காரவிட்டதில்லை, கிஸ்பெர்ட் உட்காரும். அதை இறக்கிவிடாதே, உன் வீட்டில் அதற்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கு. சில நாட்கள் நான் பேசுவதே அதனிடம் மட்டும்தான். பதில் சொல்லாவிட்டாலும் காதைத் தூக்கிக் கேட்டுக்கொள்ளும். நீயும் ஏதாவது பேசு.

உனக்கும் அத்தானுக்கும் நீண்ட ஆயுளும், முழங்காலுக்கு நல்ல பலமும் கிடைக்கட்டும். இந்தக் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

என்றும் உன் மதிப்புக்குரிய (மரியாதை இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும்) தம்பி,
ஃபோல்க்மார் ரீக்மன்

பின்குறிப்பு, புதன்கிழமை: கடிதத்தைத் தபாலில் போடும் முன் டிக்கெட் வாங்க ஸ்டேஷனுக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண், "உங்களுக்குப் போக வர ரெண்டும். நாய்க்குப் போக மட்டுமா சார்?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். வரிசையை நிறுத்திவைப்பது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நிறுத்திவைத்தேன். கிஸ்பெர்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து நேராக ஒல்ட்மன்ஸ் அம்மாள் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஞாயிறன்று ஸ்டேஷனுக்கு வராதே. பயிற்சி வகுப்பு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது, ஆறு வாரம். நாயை அழைத்து வரத் தேவையில்லை என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் கூட்டிக்கொண்டுதான் போகப் போகிறேன். தனியாகப் போக எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.