முறைப்படி நகர்ந்த களஞ்சியம்

தில்லை நகரில் இயங்கிவந்த மின்கோப்புப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு மகத்தான ஐயம் ஏற்பட்டது. அலுவலகம் புதிதாக வாங்கிய மென்பொருள், கோப்புகள் அடங்கிய ஒரு களஞ்சியத்தில் யார் எப்போது எதைத் திருத்தினாலும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியமும் குடியிருக்கலாம். அந்த உள்களஞ்சியத்தை வேறிடத்துக்கு நகர்த்தினால் அதன் வரலாறு கூடவே வருமா, வராதா?

சோதிக்கும் பொறுப்பு ஜாஸ்லினுக்கு வந்தது. புத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒப்பந்தப் பணியாளர் அவள். சோதனை அறிக்கை ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு கட்டளை தட்டினாள். உள்களஞ்சியம் நகர்ந்தது, வரலாறு ஒரு வரி குறையாமல் கூடவே போனது. காபி ஆறுவதற்குள் வேலை முடிந்ததில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கண்காணிப்பாளர் தைரியராஜ் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பழைய இடத்துலேர்ந்து இத யாரும்மா விடுவிச்சது?"

"யாரும் இல்லீங்க சார். நகர்த்தினேன், போயிடுச்சு."

"விடுவிக்காம எப்படிப் புது இடத்துல சேரும்? நான் மணப்பாறையிலேர்ந்து மாறுதல்ல வந்தப்ப முற்பகல்ல விடுவிச்சாங்க, பிற்பகல்ல சேர்ந்தேன். நடுவுல பிரயாண அவகாசம். இது என்ன குரங்கா, சட்டுன்னு தாவுறதுக்கு?"

"சார், இது ஃபோல்டருங்க."

"அரசாங்க ஃபோல்டரும்மா!"

ஆகவே சோதனை முறைப்படி மறுபடியும் நடத்தப்பட்டது. கோப்புகள் மட்டும் ஒரு பென்டிரைவில் ஏற்றப்பட்டன. வரலாறு பதிந்திருக்கும் மறைவான ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ளலாமே என்று ஜாஸ்லின் கெஞ்சிப் பார்த்தாள்.

"அது பணிப்பதிவேடு மாதிரி. கையோட எடுத்துட்டுப் போகக் கூடாது. பின்னாடி தபால்ல வரும்."

முற்பகலில் பழைய இடம் சுத்தமாக அழிக்கப்பட்டது. தபால் இனி எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. பென்டிரைவ் மேஜை டிராயரில் பிரயாண அவகாசத்தைக் கழித்தது. பிற்பகலில் கோப்புகள் பணியேற்றன. மென்பொருள் அவற்றை அன்று பிறந்த பிள்ளைகளாக எண்ணி வரவேற்றது.

"பாத்தியா! வரலாறு போச்சு. இடம் மாறினா இது பழசையெல்லாம் மறந்துடுது. எழுது அறிக்கைய."

பொய் என்று ஜாஸ்லினுக்குத் தெரியும். மனசு கூசத்தான் செய்தது. ஆனாலும் நிரந்தர வேலை யாருக்குக் கசக்கும்? கையெழுத்துப் போட்டுவிட்டாள். அறிக்கை மேலிடத்தில் வெகுவாகப் பாராட்டப்பட்டது. நிரந்தர ஆணைதான் வந்தபாடில்லை.

அடுத்த மாதமே அலுவலகத்தை ஸ்ரீரங்கத்துக்கு மாற்றினார்கள். ஊழியர்களின் பணி வரலாறும் அந்த மென்பொருளுக்குள்தான் இருந்தது. அறிக்கையை ஊன்றிப் படித்த மேலிடம் உத்தரவு போட்டது: "இடம் மாறினால் வரலாறு நிலைக்காது என்பது ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளபடியால், ஸ்ரீரங்கத்தில் சேரும் அனைவரும், ஒப்பந்தப் பணியாளர் உட்பட, புதிய நிரந்தர நியமனமாகவே கருதப்படுவர். முதலில் சேர்பவரே மூத்தவர்."

ஜாஸ்லின் காலையிலேயே காவிரிப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். தைரியராஜ் முற்பகலில் முறைப்படி விடுபட்டு, பிற்பகலில் வந்தார். கண்காணிப்பாளர் நாற்காலியில் ஜாஸ்லின் உட்கார்ந்திருந்தாள். கடைசி மேஜைதான் காலி.

"ஏம்மா... மேடம்," என்றார் நின்றபடியே. "அந்த அறிக்கை தப்புன்னு ஒரு வரி எழுதிடுங்களேன். மொதல்ல நீங்க நகர்த்தினப்ப வரலாறு கூடவே போச்சே! நீங்க எழுதினா என் சர்வீஸ் திரும்பக் கிடைச்சிடும்."

ஜாஸ்லின் யோசித்தாள். உண்மையை எழுதினால் அவருக்கு நாற்காலி. அவளுக்கு மறுபடியும் ஒப்பந்தம்.

"அந்த மென்பொருள நம்பவே முடியாதுங்க சார்," என்றாள். "நானே சோதிச்சுப் பாத்திருக்கேன்."