நான் ஏழையாக இருந்த வாரம்

எங்கள் பக்கத்தில் எவரும் தாம் நன்றாக இருப்பதாக ஒப்புக்கொள்வதில்லை. மாடி வீட்டுக்கு வர்ணம் பூசிக்கொண்டு நிற்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஏதோ இருக்கிறம்" என்பார். வெங்காயம் ஏற்ற லொறி வாசலில் வந்து நிற்கும்போதும், இந்தமுறை விளைச்சல் சரியில்லை என்றுதான் இணுவிலில் சொல்வார்கள். (கண்ணூறு படும் என்ற பயம் பாதி, கைமாற்றுக் கேட்பார்கள் என்ற பயம் மீதி.) நான் இணுவிலில் பிறந்து வளர்ந்தவன். ஆகவே நான் செய்தது முழுக்க முழுக்க என் குற்றம் என்று என் மனைவி சுகிர்தா சொல்வதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். வளர்ப்புக்கும் அதில் பங்கு உண்டு.

கொழும்பில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த சுகிர்தாவுக்கு, வடமராட்சிக் கரையில் ஒரு சிறு பட்டினத்துப் பெண்கள் பாடசாலைக்கு உப அதிபராக இடமாற்றம் வந்தது. பட்டினத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். எனக்கு ஒரு கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலை. இணையம் வேலைசெய்தால் நடுக்கடலில் இருந்தும் பார்க்கலாம். அதனால் போவதென்று முடிவாயிற்று. வீடு பார்க்கும் பொறுப்பை என்னிடம் தந்தபோது சுகிர்தா ஒன்றுதான் சொன்னாள்.

"உது சின்ன ஊர். அங்கை என்ரை மரியாதை உங்கடை கையிலைதான் இருக்கு. பாத்துக் கதையுங்கோ."

நான் மரியாதையைப் பற்றி யோசிக்கவில்லை, செலவைப் பற்றி யோசித்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு அறைக்கு வாடகை கொடுத்து நொந்துபோயிருந்தவன் நான். கடற்கரை என்றால் மீன் சும்மா மாதிரி, தேங்காய் வளவுக்குள்ளேயே விழும், காற்று வீசுகிற வீச்சில் மின்விசிறிக்கு வேலையில்லை, தண்ணீருக்குக் கிணறு இருக்கிறது. மிச்சம் பிடிக்கிற காசில் ஒரு துண்டுக் காணி வாங்கலாம் என்றுகூட முடிவுகட்டியிருந்தேன். (கணக்காளர்கள் அடுத்தவர் கணக்கைத்தான் ஒழுங்காகப் பார்ப்பார்கள்.)

காரை எடுத்துக்கொண்டு போய் இறங்கியதும் நேராகக் கரைக்குத்தான் போனேன். வள்ளத்தில் இருந்து அப்போதுதான் இறக்கிய விளைமீனுக்கு விலை கேட்டேன். வெள்ளவத்தையில் சொல்கிற அதே விலையைச் சொன்னார்கள். நல்ல மீனெல்லாம் ஐஸ் போட்டுக் கொழும்புக்குத்தான் போகிறது, உங்களுக்கு வேண்டுமானால் கொழும்புக்காரன் தருகிற காசைத் தாருங்கள் என்றார்கள். தேங்காயின் விலையைக் கேட்டபோது, நான் கேட்டது ஒரு காயின் விலைதான் என்று திரும்பவும் விளங்கப்படுத்தினேன். அவர்களும் ஒரு காய்க்குத்தான் சொல்லியிருந்தார்கள். கரையோரக் கிணறுகள் உவர், குடிக்கிற தண்ணீரைக் காசுக்கு வாங்க வேண்டும். அந்த அருமையான காற்று இருக்கிறதே, அது குளிர்சாதனப் பெட்டியில் இருந்து மோட்டார் சைக்கிள் வரை எல்லாவற்றையும் கறள் பிடிக்க வைத்துவிடுமாம். மத்தியானத்துக்குள் என் காணி கடலோடு போய்விட்டது. இனிக் குறைப்பதற்கு மிஞ்சியிருந்தது வாடகை ஒன்றுதான்.

நான் பார்க்கப் போன வீடு ஞானமலர் ரீச்சர் என்பவரின் தம்பியுடையது. அவர் லண்டனில் இருந்தார். ஓய்வுபெற்ற ரீச்சர் பக்கத்து வளவில் இருந்துகொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். கடலைப் பார்த்த பெரிய கல்வீடு. தூரத்தில் கண்டதுமே வாடகை எவ்வளவு வருமென்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். காரை மீன்சந்தைக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். சேட்டை மாற்றத் தேவையிருக்கவில்லை, நான் வழக்கமாகப் போடுகிற சேட்டே போதுமாக இருந்தது.

ரீச்சர் தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் தந்து, எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று முறைப்படி விசாரித்தார். பிறகு என்ன வேலை என்று கேட்டார். ஏதோ ஒரு வேலை பார்க்கிறேன் என்று இழுக்கத்தான் நினைத்தேன். நாக்கு வழுக்கிவிட்டது.

"வேலை இருந்தது, ரீச்சர். இப்ப இல்லை."

ரீச்சரின் முகம் இளகியதைக் கண்டதும் எனக்கு உற்சாகம் பிறந்தது. கம்பனியை மூடிவிட்டார்கள் என்றேன். சுகிர்தாவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, அதிலும் பாதி கடனுக்குப் போகிறது என்றேன். முதுகு வருத்தத்தையும் சேர்த்துவிட்டேன். (அது மட்டும் உண்மை.) பிறகு, வாடகை என்ன மாதிரி என்று மெல்லக் கேட்டேன்.

ரீச்சர் பேசாமல் இருந்தார். பேரத்தில் ஒருவர் பேசாமல் இருந்தால் பெரிய தொகையொன்றைச் சொல்லப் போகிறார் என்று பொருள். அதற்கு இடம் வைக்காமல் நானே ஒரு சிறு தொகையைச் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இதற்கு மேல் ஏலாது ரீச்சர் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவருடைய கண் கலங்கிவிட்டது. உங்கள் மனதுக்கு எது சரியோ அதைத் தாருங்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ச்சுக்கு வாருங்கள், வீட்டுத் திறப்பை அங்கே தருகிறேன் என்றார். நான் கார் வரைக்கும் ஓடாத குறையாக நடந்தேன்.

வாடகையைச் சொன்னதும் சுகிர்தா நம்பவில்லை. இவ்வளவு குறைத்துத் தர நீங்கள் என்ன கதைத்தீர்கள் என்று கேட்டாள். கதைக்கிற மாதிரிக் கதைத்தால் தருவார்கள் என்று பெருமையோடு சொன்னேன்.

அவள் பாடசாலையில் பொறுப்பேற்பதற்கு முதல் நாள் அந்த ஞாயிறு. வெளிர்மஞ்சள் சேலையில் உப அதிபராகவே வந்து இறங்கினாள். சேர்ச் வாசலில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியான பரிவோடு பார்த்தார்கள். யாரோ ஒரு அம்மா சுகிர்தாவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் பேசாமல் போனார். எவ்வளவு அன்பான சனம் என்று சுகிர்தா என் காதில் சொன்னாள். இரவல் காரிலென்றாலும் வந்துவிட்டார்கள் என்று பின் வாங்கில் யாரோ சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தார். கடலுக்குப் போனவர்களுக்காக ஜெபித்தார். பிறகு ஒரு மூச்சு எடுத்துவிட்டு, வேலையை இழந்து, கடனில் அமிழ்ந்து, முதுகு நோவோடு நம் நடுவே வந்திருக்கும் சகோதரன் என்று தொடங்கி, என் பெயரைச் சொன்னார். அவரையும் தாங்கிக்கொண்டு நம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்திருக்கும் புதிய உப அதிபருக்காகவும் ஜெபிப்போம் என்றார். சபை முழுவதும் உருகி ஆமென் சொன்னது. சுகிர்தா மூடியிருந்த கண்களில் ஒன்றைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஜெபம் முடிவதாக இல்லை.

ஆராதனை முடிந்து வேப்பமரத்துக்குக் கீழே தேத்தண்ணி கொடுத்தார்கள். அங்கேதான் நான் உண்மையில் செத்தேன். யாரோ ஒரு பை அரிசியை எங்கள் காருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஐஸ் கம்பனி வைத்திருந்த ஒருவர் என் தோளில் கைபோட்டு, நாளைக்கே வா, பாரம் தூக்காத வேலையாகப் பார்த்துத் தருகிறேன் என்றார். அதற்குள் பாடசாலை அதிபர் அம்மா வந்து சுகிர்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"முதல் மாதச் சம்பளத்தை முற்பணமா எடுக்கலாம். நான் ஒழுங்கு செய்யிறன். வெக்கப்படாதேங்கோ, பிள்ளை."

சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தேன். நாளைக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டியவள், அந்த வேம்பின் கீழ் எல்லோரும் இரங்குகிற ஒருத்தியாக நின்றாள். அப்போதுதான் நான் எதைத் தொலைத்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"மிஸ், இவருக்கு வேலை இருக்கு. என்னைவிடக் கூடச் சம்பளம். வாடகையைக் குறைக்கப் பொய் சொல்லியிருக்கிறார். எனக்கும் இப்பதான் தெரியும்."

ஐஸ் கம்பனிக்காரர் என் தோளில் இருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். சனத்தை விலக்கிக்கொண்டு ஞானமலர் ரீச்சர் முன்னுக்கு வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் வாடகை எண்டு ஒரு சொல்லுச் சொன்னனானோ?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். சொல்லவே இல்லை.

"பூட்டிக் கிடந்தா வீடு பாழாப் போயிடுமெண்டு என்ரை தம்பிக்குக் கவலை. நல்ல ஆக்கள் இருந்து, பின்னேரம் லைற்றைப் போட்டு வாசல் முத்தத்தைக் கூட்டினாக் காணுமெண்டு சொன்னவன். உப அதிபரின்ரை குடும்பம் எண்டவுடனை சும்மா தாறதுக்குத்தான் இருந்தனான். நீங்கள் அந்தக் கஷ்டத்திலையும் காசு தருவன் எண்டு நிண்டியள். மானமுள்ள பிள்ளை, வேண்டாமெண்டா மனம் நோகுமெண்டு பேசாமல் இருந்திட்டன்."

யாரும் கேட்காத வாடகையை நானே கேட்டு, நானே பேரம் பேசி, நானே குறைத்து, கும்பிட்டும் கொடுத்திருக்கிறேன். சும்மா கிடைக்க இருந்த கல்வீடு அது.

சுகிர்தாவுக்கு அதிர நேரமிருக்கவில்லை. இந்த ஊரில் இப்படியான வீட்டுக்கு உண்மையான வாடகை என்ன என்று சுற்றி நின்றவர்களிடம் கேட்டாள். ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். கடலைப் பார்த்த வீடல்லவா என்று ஐஸ் கம்பனிக்காரர் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். எல்லாவற்றிலும் பெரியதைச் சுகிர்தா எடுத்துக்கொண்டாள்.

"இவர் தருவார், ரீச்சர். இவரின்ரை சம்பளத்திலையிருந்து."

வாடகை தனக்கு வேண்டாம், சபையின் ஏழைகள் நிதிக்குப் போகட்டும் என்றார் ரீச்சர். வெள்ளவத்தையில் கட்டியதற்குக் கொஞ்சம்தான் குறைவு. பேரம் பேச எனக்கு வாயிருக்கவில்லை.

அடுத்த நாள் சுகிர்தா பாடசாலைக்குள் நுழைந்தபோது அவளுக்கு முன்னால் அவளுடைய பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. சொந்தப் புருஷனையே சபைக்கு நடுவில் காட்டிக்கொடுத்த மிஸ்ஸிடம் பொய் சொல்ல இன்றுவரை எந்தப் பிள்ளைக்கும் துணிவு வரவில்லை. பெற்றோர்கள் வீதியில் கண்டால் சைக்கிளை நிறுத்தி இறங்கி வணக்கம் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பைத் தருகிறார்கள்.

அப்போது பிறந்தே இருக்காத எங்கள் மகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். சேர்ச்சில் போதகர் வேலையில்லாதவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்கினால், முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடிக்கிறாள். முன் வாங்கில் இருக்கும் ஐஸ் கம்பனிக்காரர், ஜெபத்தின் நடுவிலேயே மெல்லத் திரும்பி, பாரம் தூக்காத அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று எனக்குக் கைச்சாடை காட்டுகிறார்.